கொரங்காட்டுத் துவர்ப்பு

திண்டுக்கல்லில் குரோம் உப்பு வருவதற்கு முன் ஆட்டுத்தோலைப் பதப்படுத்தியது மரப்பட்டைதான். ஊர்வழக்கில் தோல் ஷாப் என்று சொல்லப்படும் அந்தத் தொழிற்கூடங்களில், ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீர்த் தொட்டியில் தோலைப் போட்டு, நாள்கணக்கில் புரட்டிப் புரட்டி எடுப்பார்கள். பட்டையிலிருந்து இறங்கும் துவர்ப்புப் பொருள் தோலில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றப்பட்ட புரதத்தை நுண்ணுயிரிகளால் தின்ன முடியாது. தோல் அழுகாமல் நிற்கும். இந்த முறையில் தமிழகத்தில் பதமான தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது. ஆவாரம்பட்டை போதாமல் போனபோது தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. விடுதலைக்குப் பின் கொடைக்கானல் மலையின் புல்வெளிகளில் வாட்டில் மரத்தைப் பெருமளவில் நட்டதற்கு இந்தத் தேவையும் ஒரு காரணம். அதனால் அழிந்த புல்வெளிகளுக்கு மலை இன்றும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆவாரை, வாட்டில், கருவேல், வெள்வேல், புளி ஆகிய எல்லாமே பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் துவர்ப்புக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை செறிவுற்ற டானின்கள். கடுக்காயில் இருப்பது நீராற்பகுப்பில் எளிதில் உடையும் வேறொரு வகை. அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. தோல் தொட்டியில் புரதத்தைக் கட்டிப்போடுவது போலவே ஆட்டின் வயிற்றிலும் இந்த டானின் புரதத்தைக் கட்டுகிறது. அங்கே அது நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்பது அதன் அளவைப் பொறுத்தது. அந்த அளவை ஆளும் மரபணுக்களைக் கடந்த 25 ஆண்டுகளில் அறிவியல் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுவிட்டது. ஆனால் தீவனப் பயிர்களைப் பொறுத்தவரை அந்த அறிவில் பெரும்பகுதி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் செழித்த மேய்ச்சல் நிலங்களை மனத்தில் வைத்து வளர்ந்தது. தொப்பம்பட்டியின் மானாவாரிக் காட்டில் அந்த அறிவால் என்ன செய்ய முடியும் என்று கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அங்குள்ள சிக்கல் அந்த நாடுகளின் சிக்கலுக்கு நேர் எதிரானது என்பது என் வாதம்.

தொப்பம்பட்டி ஒன்றியம் பழனிக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட வறண்ட சமவெளி. தென்மேற்குப் பருவத்தில் பழனி மலை மழையை மறித்துக்கொள்வதால் ஆடி மாதத்தில் இங்கே காற்றுதான் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிச் சோளமும் கொள்ளும் விதைப்பார்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தால் முருங்கையும் காய்கறியும் விளைந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும். உழுது பயிர் செய்யத் தோதில்லாத சரளை நிலத்தைக் காலியாக விடாமல் கொங்குப் பகுதி உழவர்கள் உருவாக்கிய ஏற்பாடுதான் கொரங்காடு. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், புல்லுக்கு நடுவே அங்கங்கே வெள்வேல மரங்கள். காங்கேயம், மூலனூர், தாராபுரம் பக்கம் இது அதிகம். அங்கிருந்து கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட ஒன்றியங்களுக்குள்ளும் நீள்கிறது. காங்கேயம் மாட்டினம் இந்தக் காடுகளில் மேய்ந்து உருவான இனம். மேய்ச்சல் நிலம் என்றால் ஊர்ப் பொதுநிலம் என்றே எண்ணிப் பழகிய நாட்டில், தனியார் பட்டா நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக மேய்ச்சலுக்கென்றே பேணி வந்த முறை இது. இதற்குக் கிடைத்திருக்கும் ஆராய்ச்சிக் கவனம் அதன் தகுதிக்கு மிகக் குறைவு என்று நான் நினைக்கிறேன்.

புல் காய்ந்து போகும் கோடையில் இந்தக் காட்டின் இருப்பே வெள்வேல்தான். அதன் காய்கள் உதிரும்போது செம்மறிகள் மரத்தடிக்கு ஓடும். காயில் புரதம் உண்டு, இனிப்பு உண்டு, துவர்ப்பும் உண்டு. பட்டையில் துவர்ப்பு இன்னும் அதிகம்; பட்டைச் சாராயம் காய்ச்சியவர்கள் தேடிப்போனது இந்த மரத்தைத்தான். பொழியோரங்களில் நிற்கும் சூபாபுல் தழையிலும் டானின் உண்டு. தீவனத்துக்காக விதைக்கும் வேலிமசாலிலும் உண்டு. ஆனால் அதே ஊரில், கிணற்றுப் பாசனத்தில் பாத்தி கட்டி வளர்க்கும் குதிரைமசாலின் இலையில் செறிவுற்ற டானின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வரப்புக்கு ஒரு புறம் தேவைக்கு மேல் துவர்ப்பு, மறுபுறம் துவர்ப்பே இல்லாத தழை.

குதிரைமசாலை இளசாக, வெறும் வயிற்றில் அதிகமாகத் தின்றுவிட்ட மாட்டுக்கு வயிறு உப்பிக்கொள்ளும். தழையிலுள்ள கரையும் புரதம் பெருவயிற்றில் திடமான நுரையாக மாறுகிறது. நொதிப்பில் வரும் வாயு அந்த நுரைக்குள் சிக்கி, ஏப்பமாக வெளியேற வழியில்லாமல் இடதுபுற விலா ஊதிக்கொண்டே போகிறது. கடலை எண்ணெய் புகட்டுவது நுரையை உடைக்கத்தான். டானின் கொஞ்சம் இருந்திருந்தால் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு, நுரை எழாமலே செய்திருக்கும். ஐரோப்பாவில் தொன்றுதொட்டு வளர்க்கப்படும் சைன்ஃபாயின் என்ற தீவனப் பயறு வயிற்று உப்புசம் தராததற்குக் காரணம் அதன் டானின்தான்.

இதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. அசைபோடும் விலங்கின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் தீவனப் புரதத்தை அவசர அவசரமாக அம்மோனியாவாக உடைத்துவிடுகின்றன. நுண்ணுயிரிகள் பயன்படுத்திக்கொண்டது போக மிஞ்சும் அம்மோனியா யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும். விலை கொடுத்து வாங்கிய புண்ணாக்கின் ஒரு பகுதி இப்படித்தான் தொழுவத்துத் தரையில் வீணாகிறது. ஜோன்ஸ், மேங்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சைன்ஃபாயின் டானினை வைத்து 1977இல் காட்டிய உண்மை இது: டானினும் புரதமும் சேர்ந்த பிணைப்பு, ஏறக்குறைய நடுநிலையில் இருக்கும் பெருவயிற்றில் உடையாமல் நிற்கிறது, கடும் அமிலம் உள்ள நான்காம் வயிற்றுக்கு வந்ததும் அவிழ்ந்துவிடுகிறது. அதாவது நுண்ணுயிரிகளுக்குக் கிடைக்காமல் போன புரதம், ஆட்டின் சிறுகுடலுக்கு முழுசாக வந்து சேர்கிறது. செலவே இல்லாமல் தழைக்குள்ளேயே அமைந்திருக்கும் புரதப் பாதுகாப்பு இது.

ஆனால் அளவு மீறினால் இதே பிணைப்பு கேடாகிறது. நியூசிலாந்தில் லோட்டஸ் என்ற தீவனப் பயறின் இரண்டு இனங்களை வைத்து நீண்டகாலம் நடந்த ஆய்வுகளை பேரி, மெக்நாப் என்ற இருவரும் 1999இல் தொகுத்தார்கள். உலர் எடையில் 2 முதல் 4 சதவீதம் வரை டானின் இருந்த லோட்டஸ் ஆட்டின் கம்பளியையும் பாலையும் ஈனுதலையும் கூட்டியது. சுமார் 5.5 சதவீதத்தைத் தாண்டிய மற்றொரு லோட்டஸைத் தின்ற ஆடுகள் தீனியையே குறைத்துக்கொண்டன, நார்ச்செரிமானமும் விழுந்தது. வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. முதல் இனத்தின் டானின் அலகுகளும் இரண்டாவதின் அலகுகளும் வேதியமைப்பில் வேறு. இரண்டாவதின் சங்கிலிகள் நீளமானவை. அந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. வளமான மண்ணில் 2 முதல் 3 சதவீத டானினோடு வளர்ந்த அந்த இரண்டாவது இனம், அமிலத்தன்மை மிகுந்த, சத்தில்லாத மண்ணில் 8 முதல் 11 சதவீதம் வரை ஏறியது. வறண்ட சரளை நிலத்தில் மேய்ச்சல் நடத்துகிறவர்கள் இந்த எண்ணை மறக்கக் கூடாது. மண்ணில் சத்துக் குறையும்போது செடி தன்னைக் காத்துக்கொள்ளத் துவர்ப்பைக் கூட்டுகிறது.

மண் சொல்லிச் செடி கேட்கிறது என்றால், செடிக்குள் அந்தச் சொல்லைக் கேட்கும் உறுப்பு ஒன்று இருந்தாக வேண்டும். மரபியல் தேடியது அதைத்தான்.

டானின் உருவாகும் பாதை பூவின் சிவப்பு, ஊதா நிறங்கள் உருவாகும் பாதையின் கிளை. ஃபினைலலனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, ஒரு நொதி முடித்ததை அடுத்த நொதி வாங்கிச் செய்யும் நீண்ட வரிசை அது. வரிசையின் கடைசியில் பாதை பிரிகிறது. ஆந்தோசயனிடின் என்ற நிறப்பொருளில் சர்க்கரை ஏறினால் பூவின் நிறம். அதே பொருளை ஏ.என்.ஆர். என்ற நொதி பிடித்துக்கொண்டால் நிறம் போய் எபிகேட்டச்சின் என்ற டானின் அலகு. இந்த நொதியை அமெரிக்காவின் ரிச்சர்ட் டிக்சன் குழுவினர் 2003இல் அடையாளம் கண்டார்கள். கேட்டச்சின் என்ற இன்னொரு அலகைத் தரும் எல்.ஏ.ஆர். நொதியின் மரபணுவை அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கிரெக் டேனர் குழுவினர் கண்டறிந்தார்கள்; அதற்கு அவர்கள் பயன்படுத்தியது டெஸ்மோடியம் என்ற தீவனப் பயறின் இலை. இந்த அலகுகள் கோத்துக்கொண்டு சங்கிலியாகி, செல்லின் நீர்ப்பைக்குள் அடைபடுகின்றன. பியூட்டனாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்து சூடுபடுத்தினால் சங்கிலி அறுந்து அலகுகள் மீண்டும் சிவந்த நிறப்பொருளாகிவிடும். இலையில் எவ்வளவு டானின் இருக்கிறது என்பதை அந்தச் சிவப்பின் அடர்த்தியைக் கொண்டு அளக்கலாம். ஒரு சாதாரணக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய சோதனை இது.

நொதிகளுக்கான மரபணுக்கள் ஏறக்குறைய எல்லாப் பயறுச் செடிகளிலும் இருக்கின்றன. குதிரைமசாலிலும் இருக்கின்றன; அதன் விதைத்தோலில் டானின் உண்டு. இலையில் மட்டும் அவை தூங்குகின்றன. ஆக, கேள்வி நொதியைப் பற்றியது இல்லை. எந்த உறுப்பில், எந்தப் பருவத்தில், எவ்வளவு என்று நொதிகளுக்கு உத்தரவிடும் மரபணுக்களைப் பற்றியது. படியெடுப்புக் காரணிகள் எனப்படும் இந்த உத்தரவுப் புரதங்கள் மூன்று வகையாகச் சேர்ந்தே வேலை செய்கின்றன: மிப் குடும்பத்தில் ஒன்று, பி.எச்.எல்.எச். குடும்பத்தில் ஒன்று, டபிள்யூ.டி.40 குடும்பத்தில் ஒன்று. அரபிடாப்சிஸ் என்ற சிறு கடுகுச் செடியில் டி.டி.2, டி.டி.8, டி.டி.ஜி.1 என்ற மூன்று மரபணுக்களாக இவை 1999க்கும் 2004க்கும் இடையில் தெளிவாயின. மூன்று பேர் தங்கள் சாவிகளோடு வந்தால்தான் கோயில் உண்டியலின் பூட்டுகள் திறக்கும்; இங்கும் மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஏ.என்.ஆர். மரபணு விழிக்காது, டானின் வராது.

இப்படி ஒரு சாவி தொலைந்த கதையை நாம் அறியாமலே பள்ளியில் படித்திருக்கிறோம். மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில், வெள்ளைப் பூப் பூக்கும் செடியின் விதைத்தோல் நிறமற்றும், ஊதாப் பூப் பூப்பதன் விதைத்தோல் பழுப்பாகவும் இருப்பதைக் குறித்திருந்தார். இரண்டும் எப்போதும் சேர்ந்தே வந்தன. நியூசிலாந்தின் ரோஜர் ஹெல்லன்ஸ் குழுவினர் 2010இல் அதன் காரணத்தைக் கண்டார்கள். மெண்டலின் அந்த மரபணு ஒரு பி.எச்.எல்.எச். காரணி. வெள்ளைப் பட்டாணியில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் அதன் செய்தி தவறாக வெட்டி ஒட்டப்படுகிறது; ஆகவே பூவில் நிறமும் இல்லை, விதைத்தோலில் டானினும் இல்லை. நம் சோளத்திலும் இதே கதைதான், தொலைந்த சாவி மட்டும் வேறு. டானின்1 என்று பெயரிடப்பட்ட சோள மரபணு டபிள்யூ.டி.40 வகையைச் சேர்ந்தது என்று 2012இல் தெரியவந்தது. துவர்ப்பில்லாத வெள்ளைச் சோளங்கள் பலவற்றில் அந்த மரபணு ஓர் எழுத்தை இழந்தோ, பத்து எழுத்துகள் கூடுதலாகப் புகுந்தோ செயலற்றுப் போயிருக்கிறது. ஆப்பிரிக்காவில் பறவைகள் கூட்டமாக வந்து கதிரை அழிக்கும் பகுதிகளில் மட்டும் உழவர்கள் துவர்ப்புச் சோளத்தை விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆய்வகம் பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மரபணுக்களை உழவர்கள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இவை சான்று.

தொலைப்பது எளிது. குதிரைமசால் இலைக்குள் டானினைக் கொண்டுவருவது அப்படி இல்லை. கனடாவில் கோப்லன் குழுவினர் 1980இல் குதிரைமசால் அடங்கிய மெடிகாகோ பேரினத்தின் பல இனங்களைத் தேடிப் பார்த்தும் இலையில் டானின் உள்ள குதிரைமசால் கிடைக்கவில்லை. இயற்கையில் இல்லாததைக் கலப்பினத்தால் கொண்டுவர முடியாது என்பதால் மரபணு மாற்றத்துக்குப் போனார்கள். நிறத்துக்கு உத்தரவிடும் ஒரு மிப் மரபணுவைச் செலுத்தியபோது செடி அழகான ஊதாவாக மாறியது. டானினோ பெரிதாக வரவில்லை. மிப் குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். நிறத்தின் உத்தரவும் டானினின் உத்தரவும் வெவ்வேறு உறுப்பினர்களிடம் இருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது.

விடை இன்னொரு மேய்ச்சல் களையில் இருந்தது. டிரைஃபோலியம் ஆர்வென்ஸ் என்ற காட்டுக் குளோவரின் இலையில் டானின் உண்டு; அதற்கு நெருங்கிய உறவான, நியூசிலாந்து மேய்ச்சல் நிலங்களின் உயிரான வெண்குளோவரின் பூவில் உண்டு, இலையில் இல்லை. நியூசிலாந்தின் ஆக்ரிசர்ச் நிறுவனத்தைச் சேர்ந்த கெர்ரி ஹேன்காக் குழுவினர் காட்டுக் குளோவரிலிருந்து மிப்14 என்ற மரபணுவைப் பிரித்து, 2012இல் அதை வெண்குளோவரிலும் குதிரைமசாலிலும் செலுத்திக் காட்டினார்கள். இரண்டின் இலையிலும் டானின் உருவானது; வெண்குளோவரில் உலர் எடையில் 1.8 சதவீதம் வரை. ஒரே ஓர் உத்தரவு மரபணு, நொதி வரிசை முழுவதையும் இலைக்குள் எழுப்பிவிட்டது. பத்து ஆண்டுகள் கழித்து அந்த மரபணு ஏற்றிய வெண்குளோவர்த் தழையை ஆய்வகக் குப்பிகளில் பெருவயிற்று நீரோடு சேர்த்து நொதிக்க வைத்தபோது அம்மோனியாவும் மீத்தேனும் குறைந்தன. கண்டுபிடித்த நாட்டின் சட்டமோ மரபணு மாற்றுப் பயிரை வயலில் விட எளிதில் இடம் தருவதில்லை. அர்ஜென்டினாவில் எஸ்காரே முதலானோர் எடுத்த வழி எனக்கு இன்னும் பிடிக்கும்: இலையில் டானின் உள்ள ஸ்பெயின் நாட்டு லோட்டஸ் ஒன்றை, டானின் இல்லாத தங்கள் ஊர் லோட்டஸோடு மகரந்தம் மாற்றியே கலந்து, டானின் உள்ள கலப்பினத்தைப் பெற்றார்கள். உறவினத்தில் அந்தக் குணம் இருந்தால் போதும், மகரந்தமே அதைக் கொண்டுசேர்க்கும்.

இதற்கிடையே மெடிகாகோ ட்ரங்கட்டூலா என்ற மாதிரிச் செடியில் கதை மேலும் சிக்கலானது. மிப்5, மிப்14 என்ற இரண்டு உத்தரவாளர்கள் விதைத்தோலில் சேர்ந்து செயல்படுவதை 2014இல் கண்டார்கள். அடுத்த ஆண்டு மிப்2 என்ற எதிராளி தெரியவந்தது. அது அதே மூவர் கூட்டணிக்குள் புகுந்து டானின், நிறம் இரண்டையும் அடக்குகிறது. 2016இல் வந்த கண்டுபிடிப்பு இத்துறையில் இருந்தவர்களையே திகைக்க வைத்தது. டானின் அலகைச் செய்து தருவதுதான் எல்.ஏ.ஆர். நொதியின் வேலை என்று நினைத்திருந்தார்கள். ஆனால் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்த செடியில் சங்கிலிகள் நீண்டு, கரையாத டானின் கூடியது. சங்கிலியை நீட்டப் பயன்படும் அலகுகளை எடுத்து மாற்றி, நீளத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பது அதன் வேலைகளில் ஒன்று. லோட்டஸ் இனங்கள் இரண்டும் ஆட்டின் வயிற்றில் வேறு வேறாக நடந்துகொண்டதில் சங்கிலி நீளத்துக்கும் பங்கு உண்டு என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டானின் சதவீதம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்துத் தீவனத்தை நல்லது கெட்டது என்று பிரிப்பது தவறு.

இந்தியாவில் இந்தத் துறை மரபணுப் பக்கம் போகாமல் தீவனத் தொட்டிப் பக்கம் வளர்ந்தது. ஹரிந்தர் மக்கர் மரத்தழைகளில் டானினை அளக்கும் முறைகளைச் செம்மைப்படுத்தி எழுதிய கையேடு உலகெங்கும் பயன்படுகிறது. பெங்களூரில் உள்ள தேசிய விலங்கு ஊட்டவியல் மற்றும் உடலியங்கியல் நிறுவனம், புளியங்கொட்டையின் மேல்தோலில் உள்ள டானினைக் கொண்டு ‘தமரின் பிளஸ்’ என்ற மீத்தேன் குறைக்கும் தீவனச் சேர்க்கையையும், பிறகு ‘ஹரித் தாரா’ என்ற சேர்க்கையையும் உருவாக்கியது. பின்னது மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் குறைப்பதாக நிறுவனம் சொல்கிறது. புளி வணிகம் நடக்கும் திண்டுக்கல் மாவட்டத்துக்கு இது நெருங்கிய செய்தி. ஆனால் இந்தச் சேர்க்கை தொழுவத்தில் கட்டிப்போட்டுத் தீவனம் வைக்கும் மாட்டுக்குத்தான் எட்டும். கொரங்காட்டில் மேயும் ஆட்டுக்குத் தழைக்குள்ளேயே அளவு சரியாக இருந்தால்தான் உண்டு.

அந்த ஆட்டின் பக்கம் வருவோம். நியூசிலாந்தின் கவலை டானின் இல்லாத குளோவர். தொப்பம்பட்டியின் கவலை கோடையில் வேறு வழியில்லாமல் துவர்ப்பு மிகுந்த காயையும் தழையையும் மட்டுமே தின்ன நேரும் ஆடு. கிணற்றடிக் குதிரைமசாலுக்கு இலை டானின் தரும் மரபணு மாற்றம் இங்கே முதல் தேவை அல்ல. இந்திய வயல்களில் வணிகமாக வளரும் மரபணு மாற்றுப் பயிர் இன்றும் பருத்தி ஒன்றுதான். அயல் மரபணு சேர்க்காத மரபணுத் திருத்தத்துக்கு 2022இல் அரசு விதி தளர்த்தியது. அதன் வழியே 2025 மே மாதம் இரண்டு நெல் வகைகள் அறிவிக்கப்பட்டன. ஆனால் திருத்தத்தால் எளிதில் முடிவது ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்வது. தூங்கும் பாதையை இலையில் எழுப்ப அது போதாது. குதிரைமசாலுக்கு உழவர்கள் இப்போது செய்வதே நல்ல வழி: அறுத்து வாடவிட்டு, சோளத்தட்டோடு கலந்து போடுவது. அதோடு ஒரு பிடி வேலிமசாலையும் கலக்கலாம். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தினர் வேலிமசால் இனங்களைத் தீவனமாக வைத்து மீத்தேன் ஆய்வுகள் நடத்தியிருக்கிறார்கள்; அந்தச் செடியின் டானினும் அது வயிற்று உப்புசம் தராததும் அங்கே அதற்குப் பெருமை சேர்த்துள்ளன. நம்மிடம் அது வேலியோரத்தில் கவனிப்பாரின்றி நிற்கிறது.

மரபியல் உண்மையில் வேலை செய்ய வேண்டிய இடம் வெள்வேல். இந்த மரத்தை யாரும் பயிராக வளர்த்தெடுக்கவில்லை. ஆடு தின்ற காயின் விதை புழுக்கையோடு விழுந்து முளைத்து வந்த மரங்கள் இவை. அயல் மகரந்தம் ஏற்கும் காட்டு மரம் என்பதால் ஒவ்வொரு மரமும் ஒரு தனி வகை. எந்த மரத்தடியில் ஆடுகள் முண்டும், எந்த மரத்துக் காயை முகர்ந்துவிட்டு நகரும் என்பது மேய்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். அந்த வேறுபாட்டில் ஒரு பகுதி மண்ணாலும் மழையாலும் வருவது, மறுபகுதி பரம்பரையாக வருவது. இரண்டையும் பிரித்தறியும் முறை நூறு ஆண்டு பழையது, செலவும் அதிகமில்லை: பல மரங்களிலிருந்து விதை எடுத்து, ஒரே நிலத்தில், ஒரே மழையில் வரிசை வரிசையாக நட்டு, தாய் மரம் வாரியாகக் குட்டி மரங்களின் டானினை அளப்பது. துவர்ப்புக் குறைந்த தாயின் பிள்ளைகளும் தொடர்ந்து துவர்ப்புக் குறைந்தே வந்தால் அது மரபணுவின் வேலை. அதற்குப் பிறகு, மிப்14 போன்ற உத்தரவு மரபணுக்களின் வெள்வேல் உறவுகளைத் தேடி, கூடுதலும் குறைவுமான மரங்களில் அவற்றின் எழுத்துகளை ஒப்பிடலாம். நாற்றுப் பருவத்திலேயே இலையின் ஒரு துணுக்கைக் கொண்டு மரத்தின் குணத்தைச் சொல்லிவிட முடிந்தால், காய்க்கும்வரை பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. மர இனங்களில் மரபணு அறிவு தரும் பெரிய ஆதாயமே இந்தக் கால மிச்சம்தான்.

துவர்ப்பே இல்லாத வெள்வேலைத் தேடுவது பிழையாகும் என்பதையும் சொல்ல வேண்டும். வேல மரக் காய்களைத் துளைக்கும் வண்டுகள் உண்டு. டானின் செடியின் காவல்களில் ஒன்று. அதைவிட, நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் ஹெமாங்கஸ் புழுவுக்கு எதிராக டானின் வேலை செய்கிறது. அமெரிக்காவில் செரிசியா லெஸ்பெடெசா என்ற டானின் மிகுந்த பயறை மேய்ந்த ஆடுகளின் புழுக்கையில் புழு முட்டைகள் குறைந்தன. தமிழகப் பண்ணைகளிலேயே அல்பெண்டசோல் வகைக் குடற்புழு மருந்துகளுக்கு இந்தப் புழு எதிர்ப்பு பெற்றுவிட்டதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. மருந்து தோற்கும் காலத்தில் தீவனத்திலிருக்கும் மருந்தை வெட்டி எறிவது விவேகமாகாது. வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் தாங்கும் அளவும் ஒன்றல்ல. வெள்ளாடு கூடுதலாகத் தாங்கும். ஆஸ்திரேலியாவில் அக்கேசியா தழை தின்று திரிந்த காட்டு வெள்ளாடுகளின் பெருவயிற்றிலிருந்து, டானினைத் தாங்கி வளரும் ஒரு பாக்டீரியாவை 1994இல் பிரித்தெடுத்தார்கள். ஆகவே செம்மறிக்கென்று ஓர் அளவு, வெள்ளாட்டுக்கென்று ஓர் அளவு என இரண்டு இலக்குகள் வைத்தே மரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2 முதல் 4 சதவீதம் என்பது லோட்டஸ் தின்ற நியூசிலாந்துச் செம்மறியின் எண். வெள்வேலின் சங்கிலி நீளமும் அலகும் வேறாக இருக்கக்கூடும் என்பதால், நம் எண்ணை நம் ஆட்டைக் கொண்டே நாம் கண்டறிய வேண்டும்.

இதற்கு வேண்டிய எல்லாமே இரண்டு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் இருக்கின்றன. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தீவனப் பயிர்த் துறை, உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி, காந்திகிராமத்தில் கிராமியப் பல்கலைக்கழகம், கொரங்காட்டில் மரங்களை மரம் மரமாக அறிந்த மேய்ப்பர்கள். அடுத்த கோடையில் காய் உதிரும்போது, தொப்பம்பட்டியிலிருந்து மூலனூர் வரை ஆடுகள் விரும்பும் மரங்களையும் ஒதுக்கும் மரங்களையும் மேய்ப்பவர்கள் காட்டக் காட்ட எண் போட்டுக் குறித்து, காயும் இலையும் மரத்தடி மண்ணும் தனித்தனிப் பைகளில் எடுத்துவர வேண்டும். பியூட்டனால் சோதனை ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அதே மரங்களின் விதைகளை ஐப்பசி மழைக்கு முன் நாற்றுப் பைகளில் ஊன்றிவிடலாம்.